அருவிக்கு அடியில் நிற்கும்போது உங்கள் முதுகுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா?

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். குற்றாலம் ஐந்தருவியில் வரிசையில் நின்று, முறை வந்ததும் குனிந்து உள்ளே நுழைகிறோம். பிடரியில் தண்ணீர் இடி மாதிரி இறங்குகிறது! மூச்சு ஒரு கணம் அடைத்து, ‘ஹா!’ என்று வாய் தானாகத் திறக்கிறது. தோலெல்லாம் புல்லரிக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்குள் உங்கள் முதுகுக்குள் நடந்ததைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

சுண்டுவிரல் பருமன்தான், தெரியுமா?

மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடத்தின் நீளம் சுமார் 45 செ.மீ. பருமன் ஏறக்குறைய நம் சுண்டுவிரல் அளவு. எடை சுமார் 35 கிராம், ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அவ்வளவுதான்! கழுத்துக்குக் கீழே நீங்கள் உணரும் குளிர், வலி, கூச்சம் எல்லாம் இந்த மெல்லிய வடத்தின் வழியாகத்தான் மூளைக்கு ஏறுகின்றன. கை, கால் அசையச் சொல்லும் கட்டளைகளும் இதே வழியில்தான் இறங்குகின்றன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்திருக்கும்!

தண்டுவடம் இடுப்பு வரைகூட இறங்குவதில்லை, தெரியுமா?

தாயின் வயிற்றில் மூன்று மாதம் வரை எலும்பும் வடமும் ஒரே நீளம். அதற்குப் பிறகு எலும்பு வேகமாக வளர்ந்து வடத்தை முந்திவிடுகிறது. அதனால் பெரியவர்களுக்கு அரைஞாண் கயிறு கட்டும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் கொத்தாகத் தொங்கும். பார்க்க எப்படி இருக்கும்? மருத்துவர்கள் வைத்த பெயரே ‘குதிரைவால்’! பிரசவ அறுவைக்கு முதுகில் ஊசி போடும்போது தண்டுவடத்தில் குத்திவிடுமோ என்று பல தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அந்த ஊசி இறங்குவது வடம் முடிந்துபோன இந்தக் கீழ்ப்பகுதியில்தான்!

கழுத்தில் எலும்பு 7, நரம்பு 8! ஏன் தெரியுமா?

தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வால் எலும்பில் 1. கழுத்து எலும்புகள் 7 தானே, நரம்பு எப்படி 8 ஆனது? முதல் ஜோடி மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் இடையிலேயே வெளியே வந்துவிடுகிறது! ஒவ்வொரு நரம்புக்கும் வடத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. பின்வாசல் வழியாக உணர்வு உள்ளே போகும், முன்வாசல் வழியாகக் கட்டளை வெளியே வரும். ஒருவழிப் பாதைதான்!

கையில் பச்சையாகத் தெரிவது நரம்பே இல்லை, தெரியுமா?

“ஊசி போட நரம்பு கிடைக்கல” என்கிறோமே, அது ரத்தக்குழாய்! உண்மையான நரம்பு வெளிர்நிறத்தில், கயிறு முறுக்கியதுபோல் இருக்கும். உடம்பிலேயே தடித்த நரம்பு எது தெரியுமா? இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கும் நரம்புதான். அகலம் கிட்டத்தட்ட நம் கட்டைவிரல் அளவு இருக்கும்! இன்னும் கேளுங்கள். கால் பெருவிரலின் தொடுவுணர்வை மூளையின் அடிவாசல் வரை கொண்டுபோவது ஒரே ஒரு செல். கண்ணுக்குத் தெரியாத அந்தச் செல்லின் நீளம் ஒரு மீட்டருக்கும் மேல்!

அருவி குளிர்கிறது என்று தோலுக்கு எப்படித் தெரியும், தெரியுமா?

நரம்பு நுனிகளில் நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. குளிர் பட்டால் திறக்க ஒரு வகை, அழுத்தம் பட்டால் திறக்க இன்னொரு வகை. இந்தக் கதவுகளைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. புதினா வாயில் ஜில்லென்று இருப்பதும் அதே குளிர்க்கதவு திறப்பதால்தான்! அருவியில் நிற்கும்போது இரண்டு வகைக் கதவுகளும் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் திறக்கின்றன. அந்தச் சுகம் வேறு எங்கே கிடைக்கும்!

வலி இரண்டு தடவை வரும், தெரியுமா?

தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு 120 மீட்டர் வரை பாய்கிறது. அதாவது மணிக்கு 430 கி.மீ.! இரவு முழுக்க ஓடி வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் இந்த வேகத்தில் வந்தால் சென்னையிலிருந்து தென்காசிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்! ஆனால் மந்தமான வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்துதான் வரும். கூர்மையான வலி அதைவிட வேகமான இழைகளில் முந்திவிடும். மலைப்பாதையில் ஏறும்போது கால்விரல் பாறையில் இடித்தால் முதலில் ‘சுரீர்’, அப்புறம் ஆற அமர ‘விண் விண்’ என்று தெறிப்பது இதனால்தான். உடனே விரலைத் தேய்த்துவிடுகிறோமே, அதுவும் வைத்தியம்தான்! தேய்க்கிற உணர்வு தண்டுவடத்தின் வாசலில் வலியை மறிக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-இலேயே சொல்லிவிட்டார்கள்.

உங்கள் முதுகுக்குள்ளும் ஓர் ஊற்று உண்டு, தெரியுமா?

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிக் கண்ணாடி மாதிரி தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. எந்த நேரமும் இருப்பது சுமார் 150 மில்லிதான். ஆனால் தினமும் ஏறத்தாழ 500 மில்லி புதிதாகச் சுரந்து, பழையது வடிந்துபோகிறது. ஒரு நாளில் மூன்று தடவைக்கும் மேல் புதுத் தண்ணீர்! குற்றாலத்துக்காவது சீசன் உண்டு, இந்த ஊற்றுக்குச் சீசனே கிடையாது!

கை நரம்பு வளரும், தண்டுவடம் வளராது, தெரியுமா?

கையில் நரம்பு அறுபட்டுத் தைத்தால் அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் மெல்ல மெல்லத் துளிர்த்து வளரும். தண்டுவடத்தில் அறுந்த இழை அப்படித் துளிர்ப்பதில்லை. உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதற்கு விடை தேடிய ஒருவர் குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார், தெரியுமா?

தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1970-களின் நடுவில், கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூரு போனார். உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. ஊர் திரும்பியவர் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்து தெம்பூட்டிய பாதுகாப்புப் படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில்தான் ‘அமர்’! இன்று அங்கே மாற்றுத்திறன் குழந்தைகள் படிக்கிறார்கள். தண்டுவடம் அடிபட்டவர்கள் சக்கர நாற்காலியில் ஏற, இறங்க, தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கப் பழகுகிறார்கள். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ! அறுந்த இழை ஒட்டவில்லை. ஆனால் அந்த மனிதரைச் சுற்றி ஓர் ஊரே எழுந்து நின்றுவிட்டது!

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்கவே கூடாது!

மூச்சு இழுக்கும் தசைக்கான நரம்பு கிளம்புவது கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து. அதற்கு மேலே அடிபட்டால் மூச்சே நின்றுபோகலாம். அதனால் ஆழம் தெரியாத தடாகத்தில் தலைகீழாகக் குதிக்கவே வேண்டாம். யாராவது விழுந்து கழுத்து வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்றால், பதற்றத்தில் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்துவிடாதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அருவிக்கரையில் முன்பு எண்ணெய் தேய்த்துவிட்ட பெரியவர் ஒருவர், அருவிக்குள் ஓடப் பார்த்த பையனை நிறுத்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “எய்யா, மொதல்ல தோள்ல வாங்கு. கழுத்த நேரா நீட்டாத.” சுண்டுவிரல் பருமன் வடத்துக்கு அதைவிட நல்ல காவல் உண்டா!