2005இல் வந்த நான்கு சட்டங்கள்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டு முடித்தாகிவிட்டது. எல்லாரும் கிளம்பிய பிறகும் ஒரு அக்கா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. என்னக்கா என்று கேட்டோம். "தம்பிங்க ரெண்டு பேரும் பத்திர ஆபீசுக்கு வரச் சொல்றாங்க. விடுதலைப் பத்திரமாம். ஒரு கையெழுத்துதானேங்கிறாங்க" என்றார்.

அவருக்குக் கல்யாணம் ஆனது 1986இல். அப்பா இறந்தது 2001இல். நிலம் தாத்தா வழி வந்த பூர்வீகம், இன்னும் பாகம் பிரிக்கவில்லை. "89க்கு முன்னாடி கட்டிக்கிட்டுப் போனவளுக்குப் பங்கே கிடையாதுன்னு சொல்றாங்களே, நெசமா?" என்பதுதான் அவர் கேள்வி.

அதற்குப் பதில் 2005ஆம் வருஷத்தில் இருக்கிறது. அந்த வருஷம் என்றாலே நமக்கு மழைதான் ஞாபகம் வரும். சுனாமி அடித்த காயம் ஆறவே இல்லை. ஜூலை 26 அன்று மும்பையில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்க வந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 42 பேர் இறந்துபோனார்கள். இதெல்லாம் பேப்பரில் பெரிதாக வந்தது. அதே வருஷம் நாடாளுமன்றத்தில் நான்கு சட்டங்கள் நிறைவேறின. நான்கும் நம் வாசல் வரைக்கும் வருகிற சட்டங்கள். ஆனால் அந்தச் செய்தி நமக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

முதலில் சொத்து விஷயம். பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு பங்கு. இது பலருக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் உரிமை ஆண் பிள்ளைக்கு மட்டும்தான் இருந்தது. தமிழ்நாடு அரசு 1989இல் இதைத் திருத்தியது. அதிலும் ஒரு முடிச்சு: அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. அக்காவிடம் ஊர்க்காரர்கள் சொன்னது இந்தப் பழைய கதையைத்தான்.

2005 செப்டம்பர் 9 முதல் அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நாடு முழுக்க, மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை. கல்யாணம் எப்போது ஆனது என்ற கேள்வியே கிடையாது. குடியிருக்கிற வீட்டில் ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்கச் சம்மதிக்கும்வரை பெண் பாகம் கேட்க முடியாது என்று ஒரு பிரிவு இருந்தது, அதையும் நீக்கினார்கள். அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருஷம் வழக்கு நடந்தது. தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒன்றைக் கவனிக்கணும். 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தாலோ, சொத்தை விற்றிருந்தாலோ அதைக் கிளற முடியாது. "வாய் வார்த்தையா அப்பவே பிரிச்சாச்சு" என்று சொன்னால் மட்டும் போதாது. பதிவான பத்திரமோ கோர்ட் தீர்ப்போ இருக்கா என்று கேளுங்க. முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்கு வேறு வாரிசுச் சட்டம், அதைத் தனியாக எழுதுகிறோம்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005 அக்டோபர் 12 முதல். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் தரணும். ராஜஸ்தானில் கூலி வேலை செய்த ஜனங்கள், எங்க கூலிக் கணக்கைக் காட்டு என்று கேட்டதில் வளர்ந்த சட்டம் இது. கணக்கு நோட்டு எழுதுகிற நமக்கு அந்த அருமை புரியும்.

நூறு நாள் வேலைச் சட்டமும் அந்த செப்டம்பரில்தான் வந்தது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது நம் மாநிலத்தில் கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம், திருவண்ணாமலை, திண்டுக்கல், சிவகங்கை என ஆறு மாவட்டங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை ஏரிக்கரையில் நின்று பார்த்தோம். 2025 டிசம்பரில் இதற்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேறியது, 125 நாள் என்று.

நான்காவது, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். நிறைவேறியது 2005, நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. கூட்டங்களில் பெண்கள் எங்களிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அவரை ஜெயில்ல போட வேணாங்க. அடிக்காம இருக்கணும், வீட்டை விட்டுத் துரத்தாம இருக்கணும்." இந்தச் சட்டம் அதைத்தான் கொடுக்கிறது. வீடு யார் பேரில் இருந்தாலும் அவள் அங்கே குடியிருக்கலாம் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். உத்தரவை மீறினால்தான் ஜெயில். மனைவி மட்டுமில்லை, அம்மா, அக்கா தங்கை, கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து வாழ்கிற பெண், எல்லாரும் கேட்கலாம். பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், 181க்குப் போன் செய்யலாம்.

இனி அந்த அக்கா விஷயத்துக்கு வருவோம். கையெழுத்துப் போடாதீங்க என்று நாங்கள் சொல்லவில்லை. பங்கை விட்டுக்கொடுப்பதும் அவர் உரிமைதான். ஆனால் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கணும். முதலில் வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுக்கச் சொன்னோம். பத்திரத்தைப் படித்துக் காட்ட இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, போன் 15100.

அக்கா ரொம்ப நேரம் யோசித்தார். "பங்கு கேட்டா அம்மா வீட்டுக்குப் போக வர முடியாதே" என்றார். அதற்கு எங்களிடம் சட்டத்தில் பதில் இல்லை. அடுத்த வாரம் போன் செய்தார். "பத்திரத்தோட நகலைக் குடுங்க, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன். பெரிய தம்பி ஒண்ணும் பேசல. சின்னவன் மட்டும், அடுத்த வாரம் கொண்டாரேங்க்கா என்னான்."