அதிமதுரம்: இனிப்பும் எச்சரிக்கையும்

தில்லியின் காரி பாவ்லி சந்தையில் முலேத்தி. தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் அதிமதுரம். பெயர்தான் வேறு, வேர் ஒன்றே. தொண்டைக் கரகரப்புக்குப் பாடகர்கள் மெல்லும் இந்த வேர், வயிற்றுப் புண்ணுக்கும் பழைய கை மருந்து.

தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் அடிக்கடி விழுங்கப்படும் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தைப் பலவீனப்படுத்துகின்றன. பிறகு இரைப்பை சுரக்கும் அமிலமே அந்தச் சுவரை அரிக்கிறது. அதிமதுரம் இந்தப் படலத்துக்கு வலுவூட்டுகிறது. 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், அல்சர் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். பலன் தெரிந்தது. 1960களில் இதன் வேதிப்பொருளிலிருந்து கார்பெனாக்சலோன் என்ற அல்சர் மருந்தே உருவானது.

சிக்கலும் அப்போதே தெரிந்துவிட்டது. ரெவர்ஸின் நோயாளிகள் சிலருக்கு உடல் வீங்கியது. வேருக்கு இனிப்பைத் தரும் கிளைசிரைசின், உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் எகிறும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பதே நல்லது. கிளைசிரைசின் நீக்கிய அதிமதுரம் தயாரிக்கப்படுவதும் இதனால்தான்.

அல்சருக்கு இன்னொரு முக்கியக் காரணம், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் 1980களில் இதை நிரூபித்து, 2005ல் நோபல் பரிசு பெற்றார்கள். இதை ஒழிக்க ஆன்டிபயாடிக் வேண்டும், கஷாயம் போதாது. மலம் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்பவர்களுக்குப் பதில் இதுதான்: மருந்து செய்வதையெல்லாம் செய்யும், பக்கவிளைவு உட்பட.