217-ஆம் அறையும் விஞ்ஞான விசாரணையும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் மடியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்த எஸ்டஸ் பார்க் என்னும் சிற்றூரில், வெண்ணிற மரப்பலகைச் சுவர்களும் சிவந்த கூரையுமாய் ஊரை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது ஸ்டான்லி விடுதி. நீராவியால் ஓடும் மோட்டார் வண்டிகளைத் தம் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து உருவாக்கிப் பெரும்பொருள் ஈட்டிய பிரீலன் ஆஸ்கார் ஸ்டான்லி, காசநோயால் நலிந்து 1903-இல் மலைக் காற்றை நாடி அங்கே வந்து, உடல் தேறி, அந்த மண்ணின் மேல் கொண்ட பற்றும் வியாபார நோக்கமும் ஒன்றுகூட எழுப்பிய மாளிகை அது. 1909-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி அதன் கதவுகள் திறந்தன. அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, தொண்ணூற்றொரு வயதில் அவர் காலமானார்.

இத்தனை மங்களகரமாகத் தொடங்கிய விடுதிதான் இன்று பேய் மாளிகை என்று உலகப் பிரசித்தி பெற்றிருக்கிறது. யாருமில்லாத இசைக் கூடத்தில் ஸ்டான்லியின் மனைவி பிளோரா பியானோ வாசிக்கிறார் என்பார்கள். நான்காம் மாடித் தாழ்வாரத்தில் குழந்தைகள் ஓடிச் சிரிப்பதாகச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 217-ஆம் அறையில் ஒரு பணிப்பெண்ணின் உருவம் விருந்தினரின் துணிமணிகளை மடித்து வைக்கிறது என்பார்கள். 1974-இல், பருவம் முடிந்து விடுதியைப் பூட்டவிருந்த வேளையில், ஸ்டீபன் கிங் என்ற எழுத்தாளர் மனைவியுடன் வந்து அந்த அறையில் ஓர் இரவு தங்கினார். ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்த அந்தப் பெரிய கட்டடத்தில், தம் சிறு மகனை நெருப்பணைக்கும் குழாய் ஒன்று துரத்துவதாகக் கனவு கண்டு அலறி விழித்ததிலிருந்துதான், 1977-இல் வெளிவந்த ‘தி ஷைனிங்’ நாவலின் கரு தமக்குக் கிடைத்ததாக அவரே கூறியிருக்கிறார். நாவலுக்குப் பின் திரைப்படம்; திரைப்படத்துக்குப் பின் பேய் ஆராயும் குழுக்கள். 2006 அக்டோபர் 31-ஆம் தேதி இரவு, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘கோஸ்ட் ஹன்டர்ஸ்’ குழுவினர் கருவிகளோடு விடுதியைச் சல்லடையிட்டு ஆராய்ந்ததை நாடே நேரடி ஒளிபரப்பில் விழித்திருந்து பார்த்தது.

இத்தகைய குழுக்களை எள்ளி நகையாடுவது எளிது. ஆயினும் அது நியாயமன்று. இருளில் ஏதோ ஒன்றை உணர்ந்து நடுங்கியவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அனுபவம் மெய்யானது. அந்த அனுபவத்தின் காரணத்தைத் தேடிப் புறப்படுவதும் அறிவுக்கு உகந்த காரியமே. ஆனால் விசாரணை என்ற பெயருக்கு ஒரு முயற்சி உரித்தாக வேண்டுமானால், அதன் முடிவு நம் எதிர்பார்ப்புக்கு மாறாக அமைவதற்கும் அதில் இடமிருக்க வேண்டும். எந்த விடை வந்தாலும் ‘பேய் உண்டு’ என்றோ, எந்த விடை வந்தாலும் ‘பேய் இல்லை’ என்றோ முடியும் பரிசோதனை, பரிசோதனையே ஆகாது.

ஆவணம் சொல்லும் சாட்சி

எந்தக் கருவியையும் கையிலெடுக்கும் முன் பார்க்க வேண்டியது பழைய தஸ்தாவேஜுகளை. 217-ஆம் அறையின் கதைக்கு மூலமான சம்பவம் 1911-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி நிகழ்ந்தது. மின்விளக்குகளுக்குத் துணையாக அமைக்கப்பட்டிருந்த அசிட்டிலீன் வாயு கசிந்து அறையில் நிறைந்திருக்க, சுடரோடு உள்ளே நுழைந்த பணிப்பெண் ஒருத்தியின் கண்ணெதிரே அது வெடித்தது. தளம் பிளந்து, கீழிருந்த உணவுக்கூடம் வரை சேதம் பரவியது. அப்பெண்ணின் பெயர் எலிசபெத் வில்சன் என்று விடுதியில் வழங்கும் வரலாறு கூறுகிறது. அக்காலத்துச் செய்தித்தாள்களோ பெயரிலேயே ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. விடுதியார் சொல்லும் வரலாற்றின்படி பார்த்தாலும், அவள் அந்த விபத்தில் மடியவில்லை. கணுக்கால்கள் முறிந்து, சிகிச்சை பெற்று, உயிர் பிழைத்து, மீண்டும் வேலைக்குத் திரும்பினாள்.

அகால மரணமடைந்தவரின் ஆவி அவ்விடத்திலேயே அலையும் என்பது பல நாடுகளில் உள்ள நம்பிக்கை. இங்கோ அந்த நம்பிக்கைக்கு அடிப்படையான அகால மரணமே நிகழவில்லை. இருந்தும் கதை வளர்ந்தது. ஓர் உழைப்பாளிப் பெண் பட்ட காயமும், அவள் உயிர் பிழைத்த உண்மையும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அவளுடைய நிழலுருவம் மட்டும் பிரபலமாயிற்று. பேயை நம்புவோரும் நம்பாதோரும் இந்தப் பெண்ணுக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை, அவளுடைய மெய்யான வரலாற்றைத் தேடிப் படிப்பதே என்று நான் கருதுகிறேன்.

கருவிகள் எதை அளக்கின்றன?

பேய் ஆராய்ச்சிக் குழுவின் பெட்டியைத் திறந்தால் மின்காந்தப் புலமானி, அகச்சிவப்பு வெப்பமானி, ஒலிப்பதிவுக் கருவி, இருளில் படமெடுக்கும் காமிரா ஆகியவை தவறாமல் இருக்கும். இவை யாவும் நல்ல கருவிகளே. ஒவ்வொன்றும் தான் அளப்பதற்கென்று அமைக்கப்பட்டதைச் செவ்வனே அளக்கிறது. மின்காந்தப் புலமானி சுவருக்குள் ஓடும் மின்கம்பியையும், மின்தூக்கியின் மோட்டாரையும், குழுவினரின் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியையும் கண்டு துடிக்கிறது. அந்தத் துடிப்பிலிருந்து ‘இங்கே ஆவி இருக்கிறது’ என்ற முடிவுக்குத் தாவுவதற்கு, ஆவி மின்காந்தப் புலத்தை எழுப்பும் என்பது முன்பே நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி எவரும் நிரூபித்ததில்லை.

துப்பாக்கி போன்ற பிடியுடைய அகச்சிவப்பு வெப்பமானியைச் சற்று அருகிருந்து கவனிப்போம். விசையை அழுத்தினால் சிவந்த ஒளிப்புள்ளி எதிர்ச்சுவரில் விழுகிறது. திரையில் ஓர் எண் தோன்றுகிறது. இருட்டறையின் நடுவெளியைக் குறிபார்த்துப் பிடித்தவர், அந்த எண் நடுவெளிக் காற்றின் வெப்பநிலை என்றே எண்ணுகிறார். கருவி உணர்வதோ பரப்புகளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை. ஆகவே அது காட்டுவது அந்தக் காற்றுக்கு அப்பாலுள்ள சுவரின் வெப்பநிலை. கையைச் சற்றே திருப்பிப் புள்ளியைச் சன்னல் கண்ணாடியில் விழச்செய்தால், மலையிரவின் குளிரில் உறைந்த கண்ணாடி எண்ணைச் சட்டென்று தாழ்த்திவிடும். ‘குளிர்ந்த உருவம் ஒன்று குறுக்கே கடந்தது’ என்ற அறிக்கை பிறப்பதற்கு மணிக்கட்டின் இந்தச் சிறு அசைவு போதும்.

ஒலிப்பதிவும் இவ்வாறே. நிசப்தமான அறையில் பல கருவிகள் தாமாகவே ஒலியின் அளவை உயர்த்திக்கொள்ளும். அப்போது துணி உராய்வும், தொலைவிலுள்ள குழாயின் முனகலும் பெரிதாகப் பதிவாகும். அந்த இரைச்சலில் சொற்களைத் தேடும் இயல்பு நம் மூளைக்கு உண்டு. இன்ன சொல் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், கேட்பவர் காதில் அச்சொல்லே விழும். ஒன்றும் சொல்லாமல் பத்துப் பேரைத் தனித்தனியே கேட்கச் செய்து, அவரவர் கேட்டதை எழுதி வாங்கி ஒப்பிட்டால்தான் அப்பதிவின் பெறுமானம் விளங்கும். படங்களில் மிதக்கும் ஒளிவட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காமிராக் கண்ணுக்கு மிக அருகே பறக்கும் தூசியில் மின்னொளி பட்டுச் சிதறுவதால் உண்டாகுபவை அவை.

கட்டடமும் உடலும்

கருவிகளைப் பக்கத்தில் வைத்துவிட்டு மனித உடலைக் கவனித்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், புதிய இடத்தில் உறங்கும் முதல் இரவில் மூளையின் இரு பாதிகளும் ஒரே ஆழத்தில் உறங்குவதில்லை என்றும், இடப்பாதி ஓரளவு விழிப்போடு காவலிருந்து, பழக்கமற்ற ஒலிகளுக்கு விரைந்து செவி கொடுக்கிறது என்றும் கண்டறிந்தனர். விடுதிக்கு வருகிறவர்களில் பலருக்கு அது முதல் இரவு. மரத்தாலான பழங்கட்டடத்தில், பகல் வெயிலில் விரிந்த பலகைகள் இரவுக் குளிரில் சுருங்கி முனகும், மலைக்காற்று இடுக்குகளில் புகுந்து சீறும். இவற்றோடு, விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடையே உடல் அசையாமல் கிடக்க, மார்பை யாரோ அழுத்துவது போலவும் அருகில் ஒருவர் நிற்பது போலவும் தோன்றும் உறக்க முடக்கம் என்ற நிலையும் சேர்ந்துவிட்டால், நள்ளிரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விருந்தினரைக் கோழையென்று யாரும் சொல்ல முடியாது.

சில வேளைகளில் காரணம் உயிருக்கே ஆபத்தானதாகவும் இருக்கும். 1921-இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், பெரிய பழைய வீடொன்றில் குடியேறிய குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார். காலடி ஓசைகள், கருப்பு உடையணிந்த பெண்ணுருவம், காரணமற்ற சோர்வு, வெளிறிப்போன குழந்தைகள், வாடிப்போன செடிகள் என்று வீட்டில் துன்பம் மண்டிக் கிடந்தது. இறுதியில் சோதித்தபோது, வீட்டைச் சூடாக்கும் உலை பழுதுபட்டு, புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய வாயுக்கள் அறைகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது தெரியவந்தது. கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவே அந்த வீட்டின் பேய். உலையைப் பழுதுபார்த்ததும் உருவங்கள் ஒழிந்தன. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று அவர்களை ஒருவர் அனுப்பி வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்!

ஒப்பிட்டறியும் முறை

அப்படியானால் முறையான விசாரணை எப்படி இருக்கும்? இங்கிலாந்தின் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர், மன்னர் எட்டாம் ஹென்றியின் ஐந்தாம் மனைவியும் 1542-இல் சிரச்சேதம் செய்யப்பட்டவருமான கேத்தரின் ஹோவர்ட் அலறி ஓடுவதாகச் சொல்லப்படும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும், எடின்பரோ நகரத்துத் தெற்குப் பாலத்தின் அடியிலுள்ள நிலவறைகளிலும் நடத்திய ஆராய்ச்சி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பார்வையாளர்களை உலவவிட்டு, விசித்திரமாக எதையேனும் உணர்ந்தால் எங்கே உணர்ந்தார்கள் என்பதைக் குறிக்கச் செய்தனர். பேய்ப் புகழ் உள்ள இடங்கள் எவை, இல்லாத இடங்கள் எவை என்பதை முன்பே தனியே வகுத்து வைத்திருந்தனர். 2003-இல் வெளியான முடிவு இரு தரப்பாரையும் சிந்திக்க வைப்பது. புகழ் பெற்ற இடங்களிலேயே மெய்யாகவும் அதிக அனுபவங்கள் பதிவாயின. அவ்விடங்களின் புகழை முன்பே அறிந்திருந்ததனால் அப்படி நேர்ந்தது என்று சொல்லவும் இடமில்லை. அதே சமயம், அந்த அனுபவங்கள் அறையின் அளவு, வெளிச்சத்தின் தன்மை, காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கம் முதலிய சாதாரணக் காரணிகளோடு பொருந்தி நின்றன. மக்கள் கற்பனை செய்யவில்லை. இடத்தின் இயல்புக்குத் தம்மையறியாமல் பதில் கொடுத்திருக்கிறார்கள் என்பதே ஆராய்ச்சியாளர்களின் அபிப்பிராயம்.

இயற்கைக் காரணங்களும் இதே பரீட்சைக்கு உட்பட வேண்டியவையே. இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர், தாம் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டு திகைத்தார். மறுநாள் இடுக்கியில் பிணைத்திருந்த, வாள்வீச்சு விளையாட்டுக்கான தம் வாளின் அலகு தானே அதிர்வதைக் கண்டார். புதிதாகப் பொருத்திய காற்றாடி, விநாடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட, செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பிக்கொண்டிருந்ததே காரணம் என்று 1998-இல் எழுதினார். அழகான விளக்கம்; அதனாலேயே எங்கும் பரவிவிட்டது. பின்னர் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் கிறிஸ்டோபர் பிரெஞ்சு குழுவினர் ஒரு வெற்றறை அமைத்து, அத்தகைய ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் அங்கே மறைவாக எழுப்பியும் எழுப்பாமலும், 79 பேரைத் தனித்தனியே உள்ளே அனுப்பிச் சோதித்தனர். பலர் விசித்திர உணர்வுகளைக் கூறினர். ஆனால் அவை கருவி இயங்கிய நேரத்தையோ ஓய்ந்த நேரத்தையோ பொறுத்து மாறவில்லை. விசித்திரமாக ஏதேனும் நேரக்கூடும் என்று முன்பே சொல்லப்பட்டதும், அவரவர் மனத்தின் ஏற்புத்தன்மையும் போதுமானவையாக இருந்தன. நமக்குப் பிடித்தமான விளக்கம் என்பதற்காக அதற்குச் சலுகை காட்டாத இந்த நேர்மைதான் விஞ்ஞானத்தின் ஜீவன்.

ஸ்டான்லி விடுதியிலும் இவ்வண்ணம் செய்ய முடியும். அறை எண்களை மறைத்து, கதை அறியாத விருந்தினரைப் புகழ் பெற்ற அறைகளிலும் பெறாத அறைகளிலும் சீட்டுக் குலுக்கித் தங்கவைத்து, காலையில் அவர்கள் எழுதித் தருவதை, எந்த அறை எது என்று அறியாத ஒருவர் மதிப்பிட வேண்டும். கருவிகள் எல்லா அறைகளிலும் ஒன்றுபோல் இரவு முழுதும் இயங்க வேண்டும். எந்த முடிவு வந்தால் தம் கொள்கையைக் கைவிடுவோம் என்பதைக் குழுவினர் முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும். இதில் தொலைக்காட்சிக்குரிய பரபரப்பு இராது. பெரும்பாலான இரவுகளில் ஒன்றுமே நிகழாது. அந்த ஒன்றும் நிகழாத இரவுகளையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அவற்றை விட்டுவிட்டு, நடுக்கம் தந்த ஓர் இரவை மட்டும் எடுத்துச் சொல்கிறவர் எத்தனை கருவிகளைச் சுமந்து வந்தாலும் கதைசொல்லியே. பயந்து நடுங்கியவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை, அவர் கண்டதை உடனே நம்பிவிடுவதும் அன்று, உடனே மறுத்துவிடுவதும் அன்று; காரணம் எதுவாயினும் ஏற்கத் துணிந்த மனத்தோடு, பொறுமையாகத் தேடிப் பார்ப்பதே.