முப்பது நாள் பால் இல்லாத வீடு

போன வருஷம் மே மாசம் முழுக்க எங்க வீட்டில் பால், தயிர், நெய், முட்டை, மீன், கறி எதுவும் கிடையாது. இதை வீகன் என்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் 'நனிசைவம்' என்று அழகான ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். ஆனால் முத்தாண்டிக்குப்பத்தில் எங்க தெருவில் போய்ச் சொன்னால் யாருக்கும் விளங்காது. எங்க அம்மா வைத்த பெயர் "பாலு கூட இல்லாத சைவம்". அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் தெரியவில்லை.

ஆரம்பித்தது என் மகள். ஒன்பதாவது முடித்துவிட்டு லீவில் இருந்தாள். எங்களுக்கு ஒரு பசுமாடு உண்டு, அம்மாவின் மாடு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றி வரும் காசு அம்மாவின் சொந்தக் காசு, அதில் நான் தலையிடுவதில்லை. அது போட்ட காளைக்கன்றை ஏப்ரலில் ஒரு வியாபாரி வந்து சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இப்போ ஏர் ஓட்ட டிராக்டர், வண்டி இழுக்க யாரும் மாடு தேடுவதில்லை. கலப்பினக் காளைக்கன்று எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மகள் கேட்டாள். "வளக்கறதுக்குத்தான்மா" என்றேன். மறுநாள் காலை அவள் பால் டம்ளரைத் தொடவில்லை.

நான் பி.இ. படித்து சாப்ட்வேர் வேலை பார்ப்பவன். கோவிட்டுக்குப் பிறகு ஊரில் இருந்தே வேலை. வாதம் பண்ணி ஜெயிக்க முடியாத இடத்தில் "சரி, டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்று சொல்லித் தப்பிப்பது எங்க தொழில் வியாதி. அப்படித்தான் 30 நாள், வீட்டில் அஞ்சு பேரும், என்று முடிவானது. நோட்டுப் போட்டு எடை, செலவு, தூக்கம் எல்லாம் எழுதினேன். அந்த நோட்டில் எழுதாமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எதிர்பாராத விஷயம். மீனும் கறியும் நிறுத்தினது யாருக்கும் பெரிதாகத் தெரியவே இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுபவர்கள் என்று 2014இன் மாதிரிப் பதிவு கணக்கெடுப்பு சொல்கிறது. எங்க வீடும் அதில்தான் சேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை கடலூர் மீன், நடுவில் கருவாடு. ஆனால் நமக்கு புரட்டாசி இருக்கு, ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் இருக்கு. போதாததற்கு நாங்க இருப்பது வள்ளலார் ஊர்ப்பக்கம். 1867இல் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னமும் எரியும் வடலூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். கறி இல்லாமல் இருப்பது எப்படி என்று இந்த மண்ணுக்குத் தெரியும்.

பால் இல்லாமல் இருக்கத்தான் பழக்கமே இல்லை. யோசித்துப் பாருங்க, நம்ம விரதச் சாப்பாடே பாலும் பழமும்தான். சோறு கூட வேண்டாம் என்று இருப்பவருக்கும் பால் உண்டு. பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் அதே கணக்குத்தான்: பால், நெய், தேன் இருந்தாலும் பச்சைதான். வீகன் பொருளுக்குத் தனி முத்திரை கொண்டுவர 2022இல்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. எங்க மளிகைக் கடையில் அந்த முத்திரையை நான் இதுவரை பார்க்கவில்லை. என் எட்டு வயசுப் பையன் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி 'பால் திடப்பொருள்' என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு ஏதோ துரோகம் நடந்த மாதிரி என்னைப் பார்த்தான். அம்மாவோட வைட்டமின் மாத்திரையின் உறை ஜெலட்டின், அதாவது மாட்டுத் தோல், எலும்பு சமாச்சாரம். வைட்டமின் டி பெரும்பாலும் செம்மறி ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது. மருந்து மட்டும் விதிவிலக்கு என்று அன்றைக்கே தீர்மானம் போட்டோம்.

பாலுக்குப் பதில் என்ன? பண்ருட்டிப் பக்கத்துக்காரனுக்கு இதில் சந்தேகமே வரக்கூடாது, முந்திரி. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று சாய்த்ததுபோக மிஞ்சினதும் பிறகு வைத்ததுமாக எங்க கொல்லையில் பத்துப் பதினஞ்சு மரம் இருக்கு. ஊறவைத்து அரைத்தால் வெள்ளை வெளேர் என்று பால். அதைக் கொதிக்க வைத்ததும் கஞ்சி மாதிரி கெட்டியாகிவிட்டது, முந்திரியில் மாவுச்சத்து இருக்கே. கொதிக்க விடாமல் கடைசியில் டிக்காஷனில் ஊற்றினால் ஒரு மாதிரி காபி வருது. நிலக்கடலைப் பாலில் மிளகாய்க் காம்பு போட்டு என் மனைவி தயிர் உறைய வைத்தார். புளித்தது, கெட்டியானது, ஆனால் வேர்க்கடலை வாசனை போகவே இல்லை. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "ஏம்ப்பா, இது மாட்டுக்குப் போடற புண்ணாக்கு தானே?" என்றார். தப்பில்லை.

முந்திரிப் பால் பற்றி ரெண்டு விஷயம் சொல்லணும். நிறம்தான் பால், சத்து வேற. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 1200 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். ஒரு லிட்டர் முந்திரிப் பாலுக்கு 100 கிராம் பருப்பு போடுகிறோம், அதில் 50 மில்லிகிராம் கூட வருவது சிரமம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதை நாங்க கேழ்வரகிலும் எள்ளிலும் அகத்திக்கீரையிலும் தேடினோம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350ஐ ஒட்டி, எள்ளில் ஆயிரத்துக்கு மேல். காகிதத்தில் பிரமாதம். அதிலுள்ள பைட்டேட், ஆக்சலேட் எல்லாம் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முழுசாக உடம்பில் சேராது.

ரெண்டாவது, முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். எங்க பக்கத்தில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் நுனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'யாருக்கும் நோகாத பால்' என்று மகள் சொன்னபோது இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னேன். "அப்ப அதையும் மாத்தணும்ப்பா" என்றாள். பதினாலு வயசில் எல்லாம் சுலபம்.

பாலை விட்டவர்கள் யார், என்ன ஆனது என்று தேடினப்போ முதலில் கிடைத்தவர் காந்தி. கல்கத்தாவில் கறவை மாடுகளைப் படுத்தும் பாட்டைப் படித்து, 1912இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டார். சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போன தமிழர்களின் குடும்பங்களும் வாழ்ந்த பண்ணை அது. பிறகு பல வருஷம் நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். 1918இல் கேடாவில் அலைந்தபோது சீதபேதி வந்து, சாகும் நிலைக்குப் போனார். 1919 தொடக்கத்தில் பம்பாயில் மருத்துவர் தலால் பால் குடித்தே ஆகணும் என்றார். விரதம் இருக்கே என்றார் காந்தி. பக்கத்தில் இருந்த கஸ்தூரிபா, நீங்க நினைத்து விட்டது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன என்று ஒரு வழி காட்டினார். காந்தி குடித்தார். சொல்லைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டேன் என்ற அர்த்தத்தில் அதைப் பற்றிக் கடைசிவரை வருத்தப்பட்டார். (ஓட்டையைச் சட்டென்று கண்டுபிடித்தது மனைவி. எங்க வீட்டிலும் அப்படித்தான்.)

பாலுக்கு ஈடான தாவர உணவு எங்கோ இருக்கும், யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்று காந்தி நம்பினார். பாலில் இருந்து பெரும்பாலான சத்துக்கு ஈடு தாவரத்தில் உண்டு. ஒன்றுக்கு மட்டும் கிடையாது, பி12. அதைச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது. பாக்டீரியா மட்டும்தான் செய்யும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் கிருமிகள், தீவனத்திலுள்ள துளி கோபால்ட்டை வைத்து அதைச் செய்து கொடுக்கின்றன. அது பாலிலும் கறியிலும் வருகிறது. இந்தப் பி12ஐ ஈரலிலிருந்து சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்த செய்தி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வெளிவந்தது 1948இல், காந்தி சுடப்பட்டுச் சில மாதம் கழித்து. அவருக்கு வந்தது பி12 குறைபாடு என்று நான் சொல்லவில்லை, அது சீதபேதிதான். ஆனால் அவர் தேடின பட்டியலில் ஒரு வரி காலியாக இருந்தது என்று அவர் காலத்தில் யாருக்குமே தெரியாது. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலானோர் வீகன் சங்கம் ஆரம்பித்தபோதும் தெரியாது. 1950களில் அவர்களில் சிலருக்கு நாக்குப் புண், கைகால் மரமரப்பு என்று வந்த பிறகுதான் விஷயம் வெளிச்சமானது.

இப்போ என் நோட்டுக்கு வருகிறேன். நல்ல நிலையில் இருப்பவரின் உடம்பில், முக்கியமாக ஈரலில், 2 முதல் 5 மில்லிகிராம் பி12 சேமிப்பு இருக்கும். ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம். 3 மில்லிகிராம் என்றே வைத்துக்கொண்டால் 3000 மைக்ரோகிராம். வரவே இல்லை என்றாலும் தீர வருஷக்கணக்கில் ஆகும். அப்போ என் 30 நாள் சோதனை எதைச் சோதித்தது? சர்வரில் மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும் புரோகிராமை பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு 'பாஸ்' என்று எழுதுவதுபோல. எனக்கு ஒன்றரைக் கிலோ எடை குறைந்தது, மனைவிக்கு வயிற்று உப்புசம் போனது, பையனுக்கு எதுவும் ஆகவில்லை. தென்னிந்தியர்களில் பலருக்கு லாக்டோஸ் சரியாகச் செரிக்காது என்பதால் உப்புசம் போனதை நம்புகிறேன். மற்றபடி 'ஒரு மாசம் இருந்தோம், சூப்பரா இருந்தது' என்று காணொளி போடுகிறவர்கள் சொல்வதெல்லாம் இந்தப் பத்து நிமிஷ பாஸ்தான்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த இருபதாம் நாள் வாக்கில் அம்மா ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை. பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கு என்று ரொம்ப நாளாகச் சொல்வார். சர்க்கரைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மெட்ஃபார்மின் பி12ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும், இது சாதாரணமாக வரக்கூடிய பக்கவிளைவு என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் தனியாகவே எச்சரித்திருக்கிறது. மறுநாள் எல்லோருக்கும் ரத்தம் கொடுத்தோம். 200க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறார்கள். அம்மாவுக்கு 138. மனைவிக்கு 190 சொச்சம்.

இருபது நாளில் இப்படி ஆகாது என்று மேலே போட்ட கணக்கே சொல்கிறது. அதாவது தினமும் தயிர்ச்சோறும், வாரம் ஒரு நாள் மீனும் சாப்பிட்ட காலத்திலேயே இருந்த குறை. நாங்க வீகன் ஆகாமல் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டோம். கண்டுபிடிக்காமல் வீகனாகவே தொடர்ந்திருந்தால், கீரையில் நிறைய இருக்கும் ஃபோலேட் வேறு ஒரு வேலை பார்க்கும்: ரத்தசோகையை மறைத்துவிடும். ரத்தம் பார்க்க நன்றாக இருக்கும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். 1940களில் ஃபோலிக் அமிலம் கொடுத்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் இதைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டார்கள். நரம்பு ஒரு கட்டத்துக்கு மேல் கெட்டால் திரும்பாது.

அம்மாவுக்கு ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. மூன்று மாதத்தில் எறும்பு முக்கால்வாசி போய்விட்டது என்கிறார். மிச்சம் சர்க்கரையோடது போல.

மாத்திரைக் கணக்கும் சுவாரசியமானது. குடல் ஒரு வேளைக்கு ரெண்டு மைக்ரோகிராம் அளவுக்குத்தான் முறையான வழியில் உள்ளே விடும். அதற்கு மேல் போனால் நூற்றில் ஒரு பங்குதான் தானாகக் கசிந்து போகும். அதனால்தான் மாத்திரையில் 500, 1000 என்று போட்டிருக்கிறார்கள். தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பதால் அது வீகனும்கூட. புளித்த இட்லி மாவிலும் பழைய சோற்றிலும் பி12 இருக்கு என்று சொல்பவர்களை நம்பி இருக்க முடியாது. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். வீட்டில் கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சோதனையே வேண்டாம். தாய்க்கு பி12 இல்லாமல் தாய்ப்பாலை மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு வளர்ச்சி பின்வாங்கி, உடம்பு நடுங்கும் நோய் வருவது நம்ம நாட்டில் நன்றாகப் பதிவான விஷயம்.

ஜூன் ஒன்றாம் தேதி காலை அம்மா முதல் வேலையாக ஒரு டம்ளர் மோர் குடித்தார். பையன் ஆம்லெட் கேட்டான். நான் காபிக்குத் திரும்பிவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. மகள் மட்டும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயாவும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து ஆளுக்கொரு பி12 மாத்திரை போடுகிறார்கள், ஒருத்தி பால் குடிக்காததற்கு, ஒருத்தர் குடித்தும் பத்தாததற்கு.

மாடு மறுபடியும் சினையாக இருக்கு. "இதுவும் காளைக்கன்னா இருந்தா என்ன ஆயா பண்ணுவ?" என்று போன வாரம் கேட்டாள். அம்மா தீவனத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார், பதில் சொல்லவில்லை. பெட்டைக்கன்று மட்டும் பிறக்கும்படி பிரித்த விந்து ஊசி கால்நடை மருத்துவமனையில் கிடைக்கிறதாமே என்று நேற்று ராத்திரி என்னிடம் தனியாக விசாரித்தார்.