கறளா, பிழையா?

தில்லையடியில் பொன்னிற ஐந்து ரூபாய்க் குத்தி நெடுநாள் பொன்னிறமாக இருப்பதில்லை. புத்தளம் களப்பின் உப்புக் காற்றும் மீன் வாங்கிய ஈரக் கைகளும் அதை விட்டுவைப்பதில்லை. கடை லாச்சியைக் கவிழ்த்தால் கறுத்தது, கறள் பிடித்தது, தோல் உரிந்தது எல்லாம் வரும். முலாம் சரியாக ஏறாத பிழைக் காசுகளைத் தேடிச் சேர்ப்பவர் முதலில் கடலின் வேலையையும் நாணயச்சாலையின் தவறையும் பிரித்தறிய வேண்டிய ஊர் இது.

பழைய ஐந்து ரூபாயில் இந்தச் சிக்கல் இல்லை. அது உள்ளும் புறமும் ஒரே நிக்கல் பித்தளை. 2005 இல் இலங்கை மத்திய வங்கி செலவைக் குறைக்க உருக்குக்கு மாறியது. ஒரு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் பித்தளை முலாம், இரண்டு ரூபாய்க்கு நிக்கல் முலாம், 25, 50 சதங்களுக்குச் செம்பு முலாம். காந்தத்தை நீட்டினால் முலாம் பூசிய ஐந்து ரூபாய் ஓடிவந்து ஒட்டும், பழையது அசையாது.

முலாம் பூசுவது அச்சடிப்பதற்கு முன்னால். வெற்று வில்லைக்கு முலாம் ஏற்றி, சூடாக்கிப் பதப்படுத்தி, அதன் பிறகே அச்சுக்கு அனுப்புகிறார்கள். துப்பு இந்த வரிசையில்தான் இருக்கிறது. முலாம் ஏறாமல் தப்பிய வில்லை அச்சுக்குள் போனால், வெறும் உருக்கின் மேல் எழுத்தும் இலக்கமும் கூர்மையாகப் பதியும். பரப்பு வழவழப்பாக இருக்கும். அச்சடித்த பிறகு கடல் தின்ற காசில் எழுத்தின் ஓரம் மழுங்கி, ஊசி குத்தியதுபோலப் பள்ளங்கள் தெரியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி போதும். கொப்புளம்தான் கொஞ்சம் ஏமாற்றும். முலாமுக்கடியில் சிக்கிய வாயுவும் அதை எழுப்பும், கறளும் எழுப்பும். சுற்றிவரப் பழுப்பு கசிந்திருந்தால் ஆசையை விட்டுவிடலாம்.

உப்பு ஏன் இந்தக் காசுகளை இப்படி வாட்டுகிறது? கூரைத் தகட்டில் பூசிய நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். செம்பும் பித்தளையும் அப்படியல்ல. கீறல் விழுந்த இடத்தில் உப்புநீர் பட்டால் கரைவது அடியிலுள்ள இரும்பு. மேலிருக்கும் முலாம் அதை விரைவுபடுத்தவும் செய்யும். நாகமும் எப்போதும் முழுதாகக் காப்பதில்லை. 1943 இல் செம்பை யுத்தத்துக்கு ஒதுக்கிய அமெரிக்கா, நாகம் பூசிய உருக்கில் ஒரு சதம் அடித்தது. பூசிய தகட்டிலிருந்து வில்லை வெட்டியதால் விளிம்பில் பூச்சு இல்லை. கறள் அங்கிருந்தே தொடங்கியது.

அமிலத்தில் ஊறவைத்து முலாமைக் கழற்றி ‘அபூர்வம்’ என்று விற்பவர்களும் உண்டு. அந்தக் காசு மங்கிச் சொரசொரப்பாக இருக்கும்.

விலை பேசுமுன் ஆண்டைப் பாருங்கள். 2017 வரிசை துருப்பிடிக்காத உருக்கு. அதில் முலாமே இல்லை, ஆகவே வெள்ளை ஐந்து ரூபாய் அங்கே சாதாரணம். 2010 என்று பொறித்த ஐந்து ரூபாய் வெள்ளையாக, எழுத்துக் கூர்மையோடு கிடைத்தால் அது வேறு கதை. புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். ஆதாரம் அத்தோடு போய்விடும்.

விலைவாசி ஏற ஏறச் சின்னக் காசு கைமாறுவதும் குறைந்துவிட்டது. 2005க்கும் 2016க்கும் இடைப்பட்ட குத்திகளை இனிக் கடை லாச்சியில் தேடுவதைவிட, பிள்ளைகளின் உண்டியலிலும் பள்ளிவாசல் உண்டியல் எண்ணும் நாளிலும் தேடுவதே உத்தமம்.