உயர்வகைப் பெட்ரோலும் எஞ்சின் நடுக்கமும்

இந்தியாவின் பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில் சாதாரணப் பெட்ரோலுடன், விலை கூடிய உயர்வகைப் பெட்ரோலும் விற்கப்படுகிறது. அதனை நிரப்பிய மறுநாள் கார் நடுங்கி ஓடினால், பழி அந்தப் பெட்ரோலின்மேல் விழுகிறது. அது பெரும்பாலும் வீண்பழியே.

எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. ஸ்பார்க் பிளக் தரும் பொறியால்தான் அக்கலவை எரிதல் வேண்டும். மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அதன் ஒரு பகுதி தானாகவே தீப்பற்றினால், 'டக் டக்' என்னும் தட்டொலி எழும். நாளடைவில் பிஸ்டனும் சேதமுறும். இவ்வாறு தானாகத் தீப்பற்றாமல் தாங்கும் திறனையே ஆக்டேன் எண் குறிக்கிறது. சாதாரணப் பெட்ரோலுக்கு அது முன்பு 91-ஆக இருந்தது. உயர்வகைக்குப் பெரும்பாலும் 95. 100 உடையதும் உண்டு. எண் கூடினால் ஆற்றலும் கூடும் என்று பலர் நம்புகின்றனர், அஃது உண்மையன்று. 91-க்கென அமைந்த எஞ்சினுக்கு 95-ஆல் தீங்கில்லை, பெரும்பயனும் இல்லை. செலவுதான் மிச்சம்! 95 வேண்டும் எஞ்சினுக்கு 91 ஊற்றுவதே தட்டொலிக்கு இடந்தரும்.

அப்படியானால் நடுக்கம் எதனால் வருகிறது? தேய்ந்த ஸ்பார்க் பிளக், அடைபட்ட இன்ஜெக்டர், பெட்ரோலில் கலந்த நீர் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். பெட்ரோலைப் பழித்துவிட்டுப் பழுதைக் கவனியாது ஓட்டினால், உருளையில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் செல்லும். அங்குள்ள மாசகற்றும் கருவியை அளவுக்குமீறிச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அக்கருவியின் விலையோ ஸ்பார்க் பிளக்கின் விலையைப்போலப் பன்மடங்கு.