மோரிப்பில் கடல் உள்வாங்கும் நேரம்

மோரிப் கடற்கரையில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்க நினைக்கும் மாணவர்கள், முதல் வேலையாகக் கிள்ளான் துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். கைப்பேசியில் தேடினாலே கிடைக்கும். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாங்கள் எட்டுப் பேர் போன சனிக்கிழமை, பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் நீர் முழுக்க வற்றும். இரவு எட்டு மணி வாக்கில் முழுக்க ஏறும். நள்ளிரவுக்குப் பின் மறுபடி வற்றி, ஞாயிறு காலை எட்டரைக்கு மறுபடி ஏறும். எங்கள் குழுவிலிருந்த பந்திங் தோழி இதை ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். அந்தப் படத்தை ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று நான் ஒரு வாரம் யோசித்தேன்.

நான் நாகப்பட்டினத்துப் பெண். கோலாலம்பூரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் நான்கு பேருடன் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் ஊர் அக்கரைப்பேட்டை. 26.12.2004 ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அம்மாவுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். இருவரும் போனார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, அன்றைக்குப் பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு மீண்டும் குழந்தை பெற வழிசெய்யும் அறுவைச் சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. அம்மாவும் செய்துகொண்டார். 2006இல் நான் பிறந்தேன். எனக்கு வைத்திருப்பது அக்காவின் பெயர்.

கடலிலிருந்து தள்ளிக் கட்டிய புது வீட்டில்தான் வளர்ந்தேன். அப்பா கடலுக்குப் போவார். எனக்கு அந்தப் பக்கம் அனுமதி கிடையாது. காரணத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'கடல் உள்வாங்கியது' என்று நாலு வரிச் செய்தி வந்தால் போதும், அன்றைக்கு அம்மா சமைக்கமாட்டார். கன்னியாகுமரியிலோ ராமேசுவரத்திலோ நீர் கொஞ்சம் பின்னே போயிருக்கும்; மாலைக்குள் திரும்பியிருக்கும். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான்.

அனுமதி வாங்கித் தந்தது கிள்ளானில் இருக்கும் அத்தை. அத்தையின் மாமனார் நாகப்பட்டினத்தில் 'ராஜூலா' கப்பல் ஏறி, அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட துறைமுகத்தில் இறங்கியவர். 1972இல்தான் அது போர்ட் கிள்ளான் ஆனது. "அண்ணி, இங்க கடலு குளம் மாதிரி. புள்ள தனியாவா போகுது, எட்டுப் பேரு போறாங்க. நான் இருக்கேன்ல" என்று அத்தை தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படுக்குற எடத்துலேர்ந்து தண்ணி எவ்வளவு தூரம்?" அதற்குப் பதில் சொல்ல எனக்கு அந்த அட்டவணை தேவைப்பட்டது. அனுப்பிவிட்டேன்.

கே.எல். சென்ட்ரலில் காலைக் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானில் இறங்கினோம். "பசியாறியாச்சா?" என்றுதான் அத்தை வரவேற்றார். காலை உணவுக்கு இப்படி ஒரு அழகான சொல்லை மலேசியத் தமிழர்கள் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் 'டிபன்' என்று சொல்லிச் சொல்லியே தமிழ்ச் சொல்லைத் தொலைத்துவிட்டோம். லிட்டில் இந்தியாவில், தெங்கு கிலானா சாலையில் சாமான் வாங்கினோம்: கொசுவர்த்தி, மூன்று பெரிய குடிநீர்ப் புட்டிகள், மஞ்சள்தூள், எலுமிச்சை. மீன் மட்டும் மோரிப் பக்கம் வாங்கலாம் என்றாள் பந்திங் தோழி. தலைக்கு நாற்பது வெள்ளி போட்டோம்; அதில் மீதியும் வந்தது. கூடாரங்கள் மூன்றும் இரவல். பிறகு இரண்டு கார்களில் பந்திங் வழியாக மோரிப்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கடலைக் காணோம்.

கரையோர நடைபாதைக்குக் கீழே கொஞ்சம் மணல், அதற்கப்பால் சேறு, அதற்கும் அப்பால் சேறு. தகடு தகடாக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கோ அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கோடாகத் தெரிந்தது. சேற்றின்மேல் ஒரு குடும்பம் வாளியோடு சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தது. சேற்றில் துள்ளும் மீன்களைச் சின்னப் பிள்ளைகள் துரத்தினார்கள். நான் காரைவிட்டு இறங்கவில்லை. அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் நான்; ஆனால் கால்கள் அட்டவணை படித்திருக்கவில்லை. பந்திங் தோழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரெண்டு மணி வரைக்கும் போகும். அப்புறம் திரும்பும். நான் பொறந்ததுலேர்ந்து இப்படித்தான்லா" என்றாள். இரண்டு மணி பதினைந்து நிமிடம் வரை கடிகாரத்தையும் அந்தக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு நின்றது. பிறகு மெதுவாகப் பெரிதானது. அப்போதுதான் இறங்கினேன்.

இதில் இருக்கும் அறிவியல் நம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், ஆனால் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. நிலவும் சூரியனும் இழுப்பதால் ஓதம் உண்டாகிறது. இரண்டு ஏற்றங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நாகப்பட்டினத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கிள்ளான் கரையிலோ பௌர்ணமி, அமாவாசை நாட்களில் நான்கு மீட்டரைத் தாண்டும். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. தென்கிழக்கே போகப் போகக் குறுகுவது. அந்தமான் கடல் பக்கமிருந்து நுழையும் ஓத அலை, புனலுக்குள் ஊற்றிய தண்ணீர்போல் நெருக்கப்பட்டு உயர்கிறது. கரையோ தட்டையான சேறு. நான்கு மீட்டர் செங்குத்தாக இறங்கும் தண்ணீர், அந்தத் தட்டைத் தரையில் அவ்வளவு தூரம் பின்னே போவதில் வியப்பில்லை.

இந்தச் சேறு ஒரு படையையே நிறுத்தியிருக்கிறது. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்து ஒரு வாரம் ஆன நிலையில், 'ஆப்பரேஷன் சிப்பர்' என்ற பெயரில் நேசப்படைகள் மோரிப்பில் தரையிறங்கின. இறங்கியவர்களில் இந்தியப் படைப்பிரிவினரும் உண்டு. வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றுவிட்டன. எதிரே சுட ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! ஒரு பந்திங்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கூடாரம் போடும் இடத்துக்கு ஒரு எளிய விதி உண்டு. கரையில் காய்ந்த குச்சி, இலை, நெகிழிப் புட்டி எல்லாம் ஒரு வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். கடைசியாக ஏறிய தண்ணீர் தொட்டுப்போன கோடு அது. அதற்குக் கீழே எவ்வளவு அழகான மணல் இருந்தாலும் கூடாரம் கூடாது. நாங்கள் அதற்கும் மேலே, மரங்களுக்கு நடுவே புல்தரையில் போட்டோம். அக்கம்பக்கத்தில் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான். சேற்றில் நடக்கிறவர்களுக்கு இன்னொன்று: திரும்பும் தண்ணீர் எதிரிலிருந்து மட்டும் வராது. நமக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளங்களில்தான் முதலில் நிறையும். அதனால் வற்றம் முடிந்ததும் கரைப் பக்கம் வந்துவிட வேண்டும். தண்ணீருக்குள் கால் வைத்தால் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும். இது அப்பா சொன்னது, மோரிப்புக்கும் பொருந்தும்.

மாலையில் சூரியன் கடலில் இறங்கியது. வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் அது கடலிலிருந்து ஏறும். எட்டு மணிக்குத் தண்ணீர் நடைபாதைச் சுவருக்கு வந்துவிட்டது. மதியம் பிள்ளைகள் ஓடிய இடமெல்லாம் அலை. மீன் சுட்டோம். ஒரு பக்கம் கருகியது, ஒரு பக்கம் வேகவில்லை, மிச்சமில்லாமல் தின்றோம்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவன் அச்சே மாணவன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் அரைகுறை. நான் மதியம் காருக்குள் இருந்ததை அவன் பார்த்திருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டான். நாகப்பட்டினம் என்றேன். அவனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அச்சேயில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவன் பாட்டி சிமெலுவே தீவுக்காரர். நில அதிர்வு மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் பத்துப் பேர்கூட இறக்கவில்லை. 1907இல் அங்கே ஓர் ஆழிப்பேரலை வந்திருக்கிறது. அதை 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்னே போனால் எதையும் எடுக்காதே, மலைக்கு ஓடு என்பதுதான் அதன் சாரம். 2004இல் பாட்டியும் ஓடியிருக்கிறார். தாய்லாந்தின் பூக்கெட்டில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, பள்ளியில் படித்த பாடத்தை வைத்துக் கடற்கரையில் இருந்தவர்களை எச்சரித்தாள்.

"எங்க ஊர்ல கடல் முதல்ல பின்னே போகலை" என்றேன். அம்மா சொல்லும் கதையில் முதலில் வந்தது அலைதான். தண்ணீர் பின்வாங்கியது அதற்குப் பிறகு. பிள்ளைகளைத் தேடி இறங்கியவர்களை அடுத்த அலை எடுத்தது. அவன் ஒரு குச்சியை எடுத்து, கைவிளக்கு வெளிச்சத்தில் தரையில் ஒரு நீளக் கோடு கீறினான். சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பிளவு. அவன் படிப்பது புவியியல். அன்று கோட்டுக்கு மேற்கே கடல்தளம் உயர்ந்தது, கிழக்கே தாழ்ந்தது. அதனால் மேற்கே போன அலைக்கு முகடு முன்னே. இந்தியா, இலங்கைக் கரைகளுக்கு வந்தது அது. கிழக்கே போன அலைக்குப் பள்ளம் முன்னே. அச்சே, பூக்கெட், பினாங்கு, கெடா கரைகளில் கடல் முதலில் உள்வாங்கியது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பினாங்கிலும் கெடாவிலும். சுமத்ரா குறுக்கே நின்றதால் இந்தக் கரைக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

அம்மா இருபது வருடங்களாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். கடல் உள்வாங்குவதைப் பார்த்திருந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாமே, தான் ஏன் பார்க்கவில்லை என்று. அடுப்படியில் இருந்ததால்தான் பார்க்கத் தவறிவிட்டேன் என்று அவரே ஒரு பதிலும் வைத்திருக்கிறார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இருந்திருக்காது என்பது அன்றிரவு அந்தக் குச்சிக் கோட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

இரவு கொசுவைவிட ஆகாஸ் பூச்சிதான் கடித்தது. கண்ணுக்கே தெரியாது, கொசுவர்த்திக்கும் அசைவதில்லை. மூன்று மணிக்கு எழுந்து பார்த்தபோது கடல் மறுபடி போயிருந்தது. நிலவொளியில் சேறு மட்டும்.

ஞாயிறு காலை ஏழரைக்கு அம்மாவைக் காணொளியில் அழைத்தேன். ஊரில் அப்போது மணி ஐந்து. அம்மா எழுந்திருக்கும் நேரம்தான். முதலில் குச்சிக் கோட்டைச் சொன்னேன். முகடு, பள்ளம் என்ற சொற்களை விட்டுவிட்டு, "நம்ம கரைக்கு முதல்ல வந்ததே அலைதான்மா. கடலு உள்ள போயி யாருக்கும் காட்டலை. நீ வாசல்ல நின்னிருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கடலக் காட்டு பாப்பா" என்றார். கைப்பேசியைத் திருப்பினேன். தண்ணீர் பாதித் தூரம் வந்திருந்தது. பந்திங் தோழி முந்தைய நாள் மாலை, நீர் எதுவரை ஏறுகிறது என்று பார்க்கச் சேற்றில் ஒரு குச்சி நட்டிருந்தாள். அது இன்னும் ஈரத்துக்கு வெளியே நின்றது. "அந்தக் குச்சிக்கு எப்ப வரும்?" என்று அம்மா கேட்டார். எட்டு மணிக்குள் என்றேன். வரட்டும், வைத்திரு என்றார்.

அரை மணி நேரம் வைத்திருந்தேன். அம்மா பேசவில்லை, அடுப்புச் சத்தமும், இடையில் அப்பா யாரென்று கேட்கும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. ஏழு ஐம்பதுக்கு என் இணையத் தரவு தீர்ந்துவிட்டது. அச்சே மாணவன் தன் கைப்பேசி இணைப்பைப் பகிர்ந்தான். மறுபடி அழைத்தபோது முதல் மணியிலேயே அம்மா எடுத்தார். எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தண்ணீர் குச்சியைத் தொட்டது.

"சரியாச் சொல்லியிருக்காளுவோ" என்றார் அம்மா.